பனியாற்றடி எரிமலை வெடிப்பு

பனியாற்றடி எரிமலை வெடிப்பு என்பது பனியாறு, பனிக்கவிகை அல்லது பனிவிரிப்பு ஒன்றின் அடியில் புதைந்துள்ள எரிமலையில் நிகழும் வெடிப்பு ஆகும். இத்தகைய வெடிப்பில், நிலத்தின் அடியிலிருந்து மேலெழும் கற்குழம்பு முதலில் காற்றைச் சந்திப்பதில்லை. அது பனிக்கட்டியையும், பனிக்கட்டி உருகுவதால் உண்டாகும் நீரையுமே முதலில் சந்திக்கிறது. உச்சியில் மட்டும் பனி மூடிய உயர்ந்த எரிமலைகள் வெடிக்கும்போதும் இதை ஒத்த விளைவுகள் ஏற்படுவதால், அவையும் பெரும்பாலும் இத்தலைப்பின் கீழேயே ஆராயப்படுகின்றன.

இவ்வகை வெடிப்புகளில் உயிரிழப்புக்கும் பொருட்சேதத்துக்கும் பெரும்பாலும் காரணமாவது எரிமலைக் குழம்பு அன்று. நீரும் சேறுமே ஆகும். வெடிப்பு சிறியதாக இருந்தாலும் அது உருக்கும் பனியின் அளவு மிகப் பெரியதாக இருக்கக்கூடும். மேலும், உருகிய நீர் மலையிலிருந்து பல பத்துக் கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஊர்களைச் சில மணி நேரத்தின் பின்னரோ, சில சமயங்களில் பல வாரங்களின் பின்னரோதான் சென்றடைகிறது. இந்த இடைவெளி முறையாகப் பயன்படுத்தப்பட்ட இடங்களில் மக்கள் உயிர் தப்பியுள்ளனர். 1985 இல் கொலம்பியாவில் அது தவறவிடப்பட்டபோது ஓர் ஊரே அழிந்தது.

பரம்பல்

பனியாறுகளும் இயங்கும் எரிமலைகளும் ஒருசேர அமைந்த பகுதிகளில் இவ்வெடிப்புகள் நிகழ்கின்றன. இவற்றுள் அதிகம் ஆராயப்பட்டது ஐஸ்லாந்து ஆகும். வட அமெரிக்க, யுரேசியக் கண்டத்தட்டுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகிச் செல்லும் எல்லையின் மீது இத்தீவு அமைந்துள்ளது. அதன் நிலப்பரப்பில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு பனியால் மூடப்பட்டுள்ளது. நாட்டின் மிகப் பெரிய பனிக்கவிகையான வாட்னயோகுல்லின் அடியில் கிரிம்ஸ்வோட்ன், பார்தார்புங்கா ஆகிய எரிமலைகள் உள்ளன. தெற்கில் உள்ள மிர்தால்ஸ்யோகுல் பனிக்கவிகையின் அடியில் கட்லா எரிமலை உள்ளது.

தென் அமெரிக்காவின் அந்தீஸ் மலைத்தொடரில் கொலம்பியாவின் நெவாடோ டெல் ரூயிஸ், எக்குவடோரின் கோட்டோபாக்சி, சிலியின் வில்லாரிக்கா ஆகியவை பனி மூடிய எரிமலைகள் ஆகும். வட அமெரிக்காவில் அலாஸ்காவின் ரிடவுட், வாசிங்டன் மாநிலத்தின் ரெய்னியர் ஆகியவை குறிப்பிடத்தக்கவை. அண்டார்க்டிக்காவிலும் பனியின் அடியில் பல எரிமலைகள் உள்ளன. மேற்கு அண்டார்க்டிக்காவின் பனிவிரிப்புக்கு அடியில் முன்னர் அறியப்படாத 91 எரிமலைகள் இருப்பதாக 2017 இல் வெளியான ஓர் ஆய்வு தெரிவித்தது. எனினும் அவற்றுள் எத்தனை இன்றும் இயங்கும் நிலையில் உள்ளன என்பது தெளிவாகவில்லை.

இமயமலையிலும் பனியாற்று ஏரிகள் உடைந்து வெள்ளம் ஏற்படுவது உண்டு. ஆனால் அவை எரிமலையால் ஏற்படுபவை அல்ல. நிலச்சரிவு, கடும் மழை, ஏரியைத் தாங்கி நிற்கும் மண்மேடு உடைதல் போன்றவையே அவற்றுக்குக் காரணம் ஆகும்.

வெடிப்பு நிகழும் முறை

பனி உருகுதல்

கருங்கல் வகைப் பாறையான பசால்ட்டின் கற்குழம்பு ஏறத்தாழ 1,200 பாகை செல்சியசு வெப்பநிலையில் வெளிவருகிறது. உருகுநிலையில் உள்ள ஒரு கிலோகிராம் பனிக்கட்டியை நீராக்குவதற்குச் சுமார் 334 கிலோயூல் வெப்பம் தேவை. ஒரு கிலோகிராம் பசால்ட்டுக் கற்குழம்பு உறைந்து முற்றாகக் குளிரும்போது வெளிவிடும் வெப்பம் இதைப்போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு ஆகும். பாறை பனிக்கட்டியைவிட மும்மடங்கு அடர்த்தி உடையது. ஆகவே கன அளவில் கணக்கிட்டால், ஒரு பங்கு கற்குழம்பு கொள்கையளவில் பத்துப் பங்குக்கும் மேற்பட்ட பனிக்கட்டியை உருக்க வல்லது. வெடிப்பு சிறியதாக இருந்தும் வெள்ளம் பெரியதாக இருப்பதன் காரணம் இதுவே.

உருகிய நீரின் கன அளவு, அது உருவான பனிக்கட்டியின் கன அளவைவிடச் சிறிது குறைவானது. மேலும் நீர் அடிப்பகுதி வழியே வெளியேறவும் கூடும். இக்காரணங்களால் வெடிப்புக்கு நேர் மேலே உள்ள பனிப்பரப்பு கிண்ணம் போல் உள்வாங்குகிறது. வானூர்தியில் இருந்து பார்க்கும்போது, வட்ட வடிவில் வெடிப்புகள் சூழ்ந்த பள்ளங்களாக இவை தோன்றும். அடியில் வெடிப்பு தொடங்கிவிட்டது என்பதற்கு வெளியில் தெரியும் முதல் அடையாளம் பல வேளைகளில் இதுவேயாகும்.

அமுக்கத்தின் பங்கு

பனியின் தடிப்பு வெடிப்பின் தன்மையைத் தீர்மானிக்கிறது. 500 மீட்டர் தடிப்புள்ள பனியின் அடியில் உள்ள அமுக்கம் வளிமண்டல அமுக்கத்தைப் போல் ஏறத்தாழ 45 மடங்கு ஆகும். இத்தகைய உயர் அமுக்கத்தில் கற்குழம்பில் கரைந்துள்ள வாயுக்கள் எளிதில் பிரிவதில்லை. நீரும் திடீரென ஆவியாகி விரிவடைய இயலாது. எனவே குழம்பு அமைதியாக வெளியேறி, கடலடியில் நிகழ்வது போலவே, தலையணைகளை அடுக்கியது போன்ற உருண்டை வடிவங்களில் உறைகிறது. இது தலையணை லாவா எனப்படுகிறது.

பனி உருகி மெலியும்போது அமுக்கம் குறைகிறது. அப்போது நீர் கற்குழம்பைத் தொட்டவுடன் ஆவியாகிப் பன்மடங்கு விரிவடைகிறது. கற்குழம்பு நுண்ணிய கண்ணாடித் துகள்களாகச் சிதறுகிறது. வெடிப்பு பனியைத் துளைத்து மேற்பரப்பை அடைந்ததும் நீராவியும் சாம்பலும் கொண்ட முகில் பல கிலோமீட்டர் உயரத்துக்கு எழுகிறது. ஆகவே ஒரே வெடிப்பு அமைதியான நிலையில் தொடங்கிச் சில மணி நேரத்தில் கடும் வெடிப்பாக மாறக்கூடும். சிறிய வெடிப்புகள் பனியைத் துளைக்க இயலாமல் அடியிலேயே முடிந்துவிடுவதும் உண்டு.

நில வடிவங்கள்

பனியின் அடியில் வெடித்த எரிமலைகள் தனித்தன்மையான வடிவம் கொண்டவை. பனிச்சுவர்கள் குழம்பைப் பக்கங்களில் பரவவிடாமல் தடுப்பதால், செங்குத்தான சரிவுகளும் தட்டையான உச்சியும் கொண்ட மலை உருவாகிறது. இது டூயா எனப்படுகிறது. கனடாவின் பிரித்தானியக் கொலம்பியா மாகாணத்தில் உள்ள டூயா என்னும் மலையின் பெயரிலிருந்து, கனடிய நிலவியலாளர் வில்லியம் மாத்யூஸ் 1947 இல் இச்சொல்லைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தார். மலையின் அடிப்பகுதியில் தலையணை லாவாவும், அதன் மேல் கண்ணாடித் துகள்கள் இறுகிய பழுப்பு நிறப் பாறையும், உச்சியில் காற்றில் உறைந்த சாதாரண லாவாவும் காணப்படும். ஐஸ்லாந்தின் கெர்துபிரெய்த் மலை இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு ஆகும்.

நீருக்குள் உறைந்த படைக்கும் காற்றில் உறைந்த லாவாவுக்கும் இடையே உள்ள எல்லை, வெடிப்பின்போது பனியினுள் தேங்கிய நீரின் மட்டத்தைக் காட்டுகிறது. எனவே மறைந்துபோன பனிவிரிப்பு எவ்வளவு தடிப்பாக இருந்திருக்கும் என்பதைக் கணிக்க டூயாக்கள் உதவுகின்றன.

இடர்கள்

பனியாற்று வெள்ளம்

பனியாற்றின் அடியில் தேங்கிய நீர் திடீரென வெளியேறுவதால் ஏற்படும் வெள்ளம் ஐஸ்லாந்து மொழியில் யோகுல்லாப் எனப்படுகிறது. யோகுல் என்றால் பனியாறு, லாப் என்றால் ஓட்டம் என்று பொருள். இச்சொல்லே இன்று உலகெங்கும் அறிவியல் வழக்கில் பயன்படுகிறது.

உருகிய நீர் எப்போதும் உடனே வெளியேறுவதில்லை. சுற்றியுள்ள பனியின் எடை அதை அணை போல் தடுத்து நிறுத்துகிறது. ஆனால் பனிக்கட்டி நீரைவிட அடர்த்தி குறைந்தது. தேங்கிய நீரின் ஆழம் அணையாக நிற்கும் பனியின் தடிப்பில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கை அடையும்போது, நீர் பனியைத் தூக்கத் தொடங்குகிறது. நீர் அடியில் புகுந்து வழி காண்கிறது. பாயும் நீரின் வெப்பமும் உராய்வும் அவ்வழியை மேலும் உருக்கி அகலமாக்குகின்றன. இதனால் வெள்ளம் தன்னைத் தானே பெருக்கிக்கொள்கிறது. நீர் முழுவதும் வடிந்தபின் பனியின் எடை அவ்வழியை மீண்டும் மூடிவிடுகிறது.

இவ்வெள்ளம் வீடளவு பெரிய பனிக்கட்டிகளையும், பாறைகளையும், பெருமளவு மணலையும் அடித்துச் செல்கிறது. ஐஸ்லாந்தின் தென்கடற்கரையில் பரந்து கிடக்கும் கருமணல் சமவெளிகள் இத்தகைய வெள்ளங்கள் பல நூற்றாண்டுகளாகக் கொண்டுவந்து சேர்த்த படிவுகளால் உருவானவை.

சேற்றுப் பெருக்கு

செங்குத்தான உயர்ந்த எரிமலைகளில் நீர் சரிவில் இறங்கும்போது தளர்ந்த சாம்பலையும் பாறைகளையும் வாரிக்கொண்டு, ஈரமான கான்கிரீட்டு போன்ற அடர்ந்த சேறாக மாறுகிறது. இது லகார் எனப்படுகிறது. இது ஜாவா மொழிச் சொல் ஆகும். லகார் ஆற்றுப் பள்ளத்தாக்குகளின் வழியே விரைந்து செல்கிறது. செல்லும் வழியில் மண்ணையும் நீரையும் மேலும் சேர்த்துக்கொள்வதால் அதன் கன அளவு பல மடங்காகப் பெருகக்கூடும். அது நின்றபின் விரைவில் இறுகிவிடுவதால், அதில் சிக்கியவர்களை மீட்பது மிகக் கடினம். எக்குவடோரின் கோட்டோபாக்சி 1877 இல் வெடித்தபோது ஏற்பட்ட லகார் ஆறுகளின் வழியே பசிபிக் பெருங்கடல் வரை சென்றது.

சாம்பல்

நீருடன் மோதிச் சிதறிய சாம்பல் மிக நுண்ணியது; எனவே காற்றில் நெடுந்தொலைவு செல்லக்கூடியது. வானூர்தி இயந்திரத்தினுள் புகும் சாம்பல் அங்குள்ள கடும் வெப்பத்தில் உருகிச் சுழலிகளின் மீது கண்ணாடியாகப் படிகிறது. 1989 டிசம்பர் 15 அன்று அலாஸ்காவின் ரிடவுட் எரிமலையின் சாம்பல் முகிலுக்குள் புகுந்த கேஎல்எம் நிறுவனத்தின் பயணிகள் வானூர்தி ஒன்றின் நான்கு இயந்திரங்களும் நின்றுபோயின. பல ஆயிரம் அடி கீழிறங்கிய பின் இயந்திரங்கள் மீண்டும் இயங்கியதால் அது ஆங்கரேஜ் நகரில் பாதுகாப்பாகத் தரையிறங்கியது.

ஐஸ்லாந்துச் சாம்பலில் புளோரைடு படிந்திருப்பது உண்டு. அது விழுந்த புல்லை மேயும் ஆடுகளும் குதிரைகளும் நச்சுப் பாதிப்புக்கு உள்ளாகின்றன. எனவே சாம்பல் விழும்போது கால்நடைகளைக் கொட்டிலில் அடைப்பது அங்கு முதன்மையான முன்னெச்சரிக்கை ஆகும்.

வாயுக்கள்

பனியின் அடியில் தேங்கிய நீரில் ஐதரசன் சல்பைடு போன்ற வாயுக்கள் கரைந்திருக்கும். வெள்ளம் வெளிவரும்போது அமுக்கம் குறைவதால் அவை வெளியேறுகின்றன. அழுகிய முட்டை நாற்றம் வீசும் இவ்வாயு கண்களையும் மூச்சுக்குழலையும் பாதிக்கும். செறிவு மிகுந்தால் உயிரையும் பறிக்கும். ஆகவே வெள்ளக் காலத்தில் ஆற்று ஊற்றிடங்களையும் பனிக்குகைகளையும் நெருங்க வேண்டாமென்று பயணிகள் எச்சரிக்கப்படுகின்றனர்.

குறிப்பிடத்தக்க வெடிப்புகள்

ஓரைவாயோகுல், 1362

வாட்னயோகுல்லின் தென்முனையில் உள்ள ஓரைவாயோகுல் 1362 இல் வெடித்தது. ஐஸ்லாந்தில் மக்கள் குடியேறிய காலத்துக்குப் பின் அங்கு நிகழ்ந்த மிகப் பெரிய சாம்பல் வெடிப்பாக இது கருதப்படுகிறது. மலையடிவாரத்தில் செழித்திருந்த லிட்லா ஹெராத் என்னும் வேளாண் பகுதி வெள்ளத்தாலும் சாம்பலாலும் முற்றாக அழிந்தது. மக்கள் பின்னர் மீண்டும் குடியேறியபோது அப்பகுதி ஓரைவி என்று அழைக்கப்பட்டது. பாழ்நிலம் என்பது அச்சொல்லின் பொருள். அப்பெயரே இன்றும் வழங்குகிறது.

கட்லா, 1918

1918 அக்டோபர் 12 அன்று கட்லா வெடித்தது. சில மணி நேரத்தில் வெள்ளம் மிர்தால்ஸ் மணல் சமவெளியைக் கடந்து கடலை அடைந்தது. உச்ச நிலையில் நொடிக்கு ஏறத்தாழ 3,00,000 கன மீட்டர் நீர் பாய்ந்ததாக மதிப்பிடப்பட்டுள்ளது. இது அமேசான் ஆற்றின் சராசரி நீரோட்டத்தைவிட அதிகம் ஆகும். வெள்ளம் கொண்டுவந்த மணலால் கடற்கரை பல கிலோமீட்டர் கடலுக்குள் நீண்டது. அது ஆடுகளை மலையிலிருந்து திரட்டிவரும் பருவமாக இருந்ததால் சமவெளியில் இருந்த உழவர்கள் மயிரிழையில் உயிர் தப்பினர்.

இதற்குப் பின் கட்லாவில் பனியைத் துளைத்த பெரிய வெடிப்பு எதுவும் நிகழவில்லை. 2011 சூலையில் அங்கிருந்து வந்த சிறிய வெள்ளம் ஒன்று மூலாக்விஸ்ல் ஆற்றின் மீதிருந்த நெடுஞ்சாலைப் பாலத்தை அடித்துச் சென்றது.

நெவாடோ டெல் ரூயிஸ், 1985

கொலம்பியாவில் உள்ள நெவாடோ டெல் ரூயிஸ் 5,300 மீட்டருக்கும் அதிக உயரமுடைய, உச்சியில் பனி மூடிய எரிமலை ஆகும். 1985 நவம்பர் 13 அன்று இரவு 9 மணியளவில் அது வெடித்தது. உலகின் பெரிய வெடிப்புகளுடன் ஒப்பிட்டால் இது சிறிய வெடிப்பே. வெப்பமான சாம்பலும் வாயுவும் கலந்த பாய்வுகள் உச்சிப் பனியின் மீது பரவி, அதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கை உருக்கின. அவ்வளவே போதுமானதாக இருந்தது. உருகிய நீர் சேற்றுப் பெருக்காக மாறி ஆற்றுப் பள்ளத்தாக்குகளில் இறங்கியது.

ஆர்மேரோ நகரம் ஆற்றின் வழியே எரிமலையிலிருந்து 70 கிலோமீட்டருக்கும் அதிகத் தொலைவில் இருந்தது. லகுனில்லா ஆற்றின் வழியே வந்த லகார் இரவு 11:30 மணியளவில், அதாவது வெடிப்புத் தொடங்கி ஏறத்தாழ இரண்டரை மணி நேரத்தின் பின், அந்நகரை அடைந்தது. அங்கு வாழ்ந்த சுமார் 29,000 பேரில் 20,000 க்கும் மேற்பட்டோர் இறந்தனர். மலையின் மறுபுறத்தில் சின்சினா நகரிலும் பலர் உயிரிழந்தனர். மொத்த இறப்பு ஏறத்தாழ 23,000 ஆகும். 1902 இல் மார்டினிக் தீவில் நிகழ்ந்த பெலே மலை வெடிப்புக்கு அடுத்தபடியாக, 20 ஆம் நூற்றாண்டில் அதிக உயிர்களைப் பறித்த எரிமலை வெடிப்பு இதுவே.

இப்பேரழிவு முன்னறிவிப்பின்றி வந்தது அன்று. 1595 இலும் 1845 இலும் இதே எரிமலையின் லகார் இதே இடத்தை மூடியிருந்தது. ஆர்மேரோ அப்படிவுகளின் மீதே கட்டப்பட்டிருந்தது. 1985 செப்டம்பர் 11 அன்று நிகழ்ந்த சிறிய வெடிப்பு ஒரு பள்ளத்தாக்கில் 27 கிலோமீட்டர் தொலைவுக்குச் சேற்றை அனுப்பியது. அக்டோபர் 7 அன்று வெளியான இடர் வரைபடம் ஆர்மேரோவை லகார் பாயக்கூடிய பகுதியாகக் காட்டியது. ஆனால் அவ்வரைபடம் மிகைப்படுத்தப்பட்டது என்று சிலரால் குறைகூறப்பட்டது. வெடிப்பு நாளன்று பிற்பகலிலேயே நகரில் சாம்பல் விழத் தொடங்கியது. எனினும் மக்கள் அமைதி காத்து வீடுகளிலேயே இருக்குமாறு கூறப்பட்டனர். இரவில் பெய்த கடும் மழையும் மின்தடையும் செய்தித்தொடர்பை மேலும் சீர்குலைத்தன. பாதுகாப்பான மேட்டுநிலம் நகருக்கு அருகிலேயே, நடந்து செல்லும் தொலைவில் இருந்தது.

ஆர்மேரோ அதே இடத்தில் மீண்டும் கட்டப்படவில்லை. அதன் இடிபாடுகள் நினைவிடமாக உள்ளன.

கியால்ப், 1996

1996 செப்டம்பர் 30 அன்று வாட்னயோகுல்லின் அடியில், பார்தார்புங்காவுக்கும் கிரிம்ஸ்வோட்னுக்கும் இடையே வெடிப்பு ஒன்று தொடங்கியது. ஏறத்தாழ 30 மணி நேரத்தில் அது 500 மீட்டர் அளவு தடிப்புள்ள பனியைத் துளைத்து வெளிவந்தது. வெடிப்பு இரண்டு வாரங்களில் முடிந்தது. ஆனால் வெள்ளம் வரவில்லை. உருகிய நீர் முழுவதும் அடிவழியே சென்று கிரிம்ஸ்வோட்ன் எரிமலையின் கால்டெராவில், பனிக்கு அடியில் உள்ள ஏரியில் தேங்கியது.

நீர் எங்கே வெளியேறும் என்பது ஐஸ்லாந்து அறிவியலாளர்களுக்குத் தெரிந்திருந்தது. எப்போது என்பதே கேள்வியாக இருந்தது. தென்புறச் சமவெளியைக் கடக்கும் நெடுஞ்சாலை கண்காணிக்கப்பட்டது, போக்குவரத்து நிறுத்தப்பட்டது. ஏறத்தாழ ஐந்து வாரக் காத்திருப்புக்குப் பின் நவம்பர் 5 காலை வெள்ளம் ஸ்கெய்தாரா ஆற்றில் வெளிப்பட்டது. ஒரு நாளுக்குள் அது நொடிக்கு 45,000 கன மீட்டர் அளவுக்கு உயர்ந்தது. இரண்டு நாட்களில் 3 கன கிலோமீட்டருக்கும் அதிகமான நீர் வெளியேறியது. 376 மீட்டர் நீளமான ஒரு பாலம் முற்றாக அடித்துச் செல்லப்பட்டது. அப்போது நாட்டின் மிக நீண்ட பாலமாக இருந்த ஸ்கெய்தாரா பாலத்தின் ஒரு பகுதியும், பல கிலோமீட்டர் சாலையும் அழிந்தன. ஆனால் ஒருவரும் இறக்கவில்லை. வளைந்து முறுகிய பாலத்தின் இரும்பு விட்டங்கள் இன்றும் சாலையோரத்தில் நினைவுச்சின்னமாக வைக்கப்பட்டுள்ளன.

எயாபியாட்லயோகுல், 2010

2010 மார்ச் 20 அன்று இவ்வெரிமலையின் பனியற்ற பக்கச் சரிவில் சிறிய வெடிப்பு ஒன்று தொடங்கியது. அங்கு நீர் இல்லாததால் அது அமைதியாகவே இருந்தது. பலர் அதைக் காணச் சென்றனர். ஏப்ரல் 14 அன்று வெடிப்பு பனி மூடிய உச்சிக்கு மாறியதும் நிலைமை முற்றிலும் வேறானது. ஒரே எரிமலையில் சில வார இடைவெளியில் நிகழ்ந்த இவ்விரு வெடிப்புகளும், கற்குழம்பின் தன்மை மாற்றத்துடன் பனியும் சேரும்போது ஏற்படும் வேறுபாட்டைக் காட்டுகின்றன.

அருகில் வாழ்ந்த ஏறத்தாழ 800 பேர் வெளியேற்றப்பட்டனர். மார்கர்பிலியோட் ஆற்றுப் பாலத்தைக் காப்பதற்காக அதையொட்டிய நெடுஞ்சாலை வேண்டுமென்றே வெட்டப்பட்டு வெள்ளத்துக்கு வழிவிடப்பட்டது. பாலம் தப்பியது. ஆனால் நுண்சாம்பல் காற்றினால் ஐரோப்பாவை நோக்கிச் சென்றதால் பல நாடுகளின் வான்வெளி சுமார் ஆறு நாட்கள் மூடப்பட்டது. ஏறத்தாழ 1,00,000 பறப்புகள் நிறுத்தப்பட்டன. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஐரோப்பிய வான்போக்குவரத்துக்கு அதுவரை ஏற்பட்டிராத தடை இது. ஐரோப்பாவில் வானூர்திகள் பறக்கக்கூடிய சாம்பல் செறிவின் வரம்புகள் இதன் பின்னரே வகுக்கப்பட்டன.

பார்தார்புங்கா, 2014

2014 ஆகத்தில் பார்தார்புங்காவின் அடியிலிருந்து கற்குழம்பு நிலத்தினுள்ளே 40 கிலோமீட்டருக்கும் அதிகத் தொலைவு நகர்ந்து, பனியின் எல்லைக்கு வெளியே ஹோலுஹ்ராயின் என்னும் இடத்தில் வெளிவந்தது. ஆறு மாதங்கள் நீடித்த இவ்வெடிப்பு ஏறத்தாழ 85 சதுர கிலோமீட்டர் பரப்பில் லாவாவைப் பரப்பியது. வெளிவந்த குழம்பின் அளவு எயாபியாட்லயோகுல்லைவிடப் பல மடங்கு அதிகம். ஆயினும் முதன்மை வெடிப்பு பனிக்கு வெளியே நிகழ்ந்ததால் பெருவெள்ளமோ, வான்போக்குவரத்தை முடக்கும் சாம்பலோ ஏற்படவில்லை. கந்தக டைஆக்சைடு வாயுவே முதன்மையான பாதிப்பாக இருந்தது.

கண்காணிப்பும் முன்னெச்சரிக்கையும்

பனியின் அடியில் நிகழ்வதைக் கண்ணால் காண இயலாது. எனவே மறைமுகமான அளவீடுகளே பயன்படுகின்றன. அவற்றுள் முதன்மையானவை:

நிலநடுக்கமானிகள்: கற்குழம்பு நகர்வதால் ஏற்படும் சிறு நிலநடுக்கங்களையும், வெடிப்பின்போதும் வெள்ளத்தின்போதும் ஏற்படும் தொடர் அதிர்வையும் பதிவு செய்கின்றன.

புவியிடங்காட்டிக் கருவிகள்: எரிமலை உப்புவதையும் தாழ்வதையும் மில்லிமீட்டர் அளவில் காட்டுகின்றன. ஏரியின் மேலுள்ள பனிப்பரப்பில் வைக்கப்படும் கருவி, அடியில் நீர் சேர்வதையும் வடிவதையும் தெரிவிக்கிறது.

ஆற்று அளவிகள்: நீர்மட்டத்துடன் நீரின் மின்கடத்து திறனையும் அளக்கின்றன. எரிமலை வெப்பத்தால் உருகிய நீரில் கரைந்த உப்புகள் மிகுந்திருப்பதால், மின்கடத்து திறன் உயர்வது அடியில் தேங்கிய நீர் வெளியேறத் தொடங்கியதைக் காட்டும்.

ரேடார்: வானூர்தியிலிருந்தும் செயற்கைக்கோளிலிருந்தும் முகிலையும் இருளையும் ஊடுருவிப் பனிப்பரப்பின் பள்ளங்களைக் காண உதவுகிறது.

ஐஸ்லாந்தில் இப்பணியை அந்நாட்டு வானிலை அலுவலகம் மேற்கொள்கிறது. ஆபத்துப் பகுதியில் உள்ள கைபேசிகளுக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் முறையும் அங்கு உள்ளது. கட்லாவுக்கு அருகில் உள்ள வீக் என்னும் சிற்றூரில் மேட்டின் மீதுள்ள தேவாலயமே மக்கள் கூட வேண்டிய இடம் ஆகும்.

ஆர்மேரோவின் அழிவுக்குப் பின், 1986 இல், ஐக்கிய அமெரிக்க நிலவியல் அளவைத் துறை, பிற நாடுகளின் எரிமலை நெருக்கடிகளில் உதவுவதற்கெனத் தனிக் குழு ஒன்றை அமைத்தது. வாசிங்டன் மாநிலத்தில் ரெய்னியர் எரிமலையிலிருந்து இறங்கும் பள்ளத்தாக்குகளில் 1998 முதல் லகார் எச்சரிக்கை அமைப்பு இயங்கி வருகிறது. பாய்ந்து வரும் சேறு நிலத்தில் உண்டாக்கும் அதிர்வை அது உணர்ந்து அறிவிக்கிறது. பழைய லகார் படிவின் மீது அமைந்த ஓர்ட்டிங் நகரின் பள்ளி மாணவர்கள் மேட்டுநிலத்துக்கு நடந்து செல்லும் பயிற்சியை மேற்கொள்கின்றனர். ரூயிஸ் எரிமலையில் 2023 இல் நிலநடுக்கங்கள் மிகுந்தபோது, வெடிப்பு நிகழ்வதற்கு முன்னரே எச்சரிக்கை நிலை உயர்த்தப்பட்டு, மலைச்சரிவில் வாழ்ந்த குடும்பங்களை வெளியேற்றும் பணி தொடங்கப்பட்டது.

காலநிலை மாற்றத்துடன் தொடர்பு

கடைசிப் பனியுகத்தின் முடிவில் ஐஸ்லாந்தை மூடியிருந்த தடித்த பனி உருகியபோது, அங்கு எரிமலை வெடிப்புகள் பல மடங்கு அதிகரித்தன என்பதை லாவாப் படிவுகள் காட்டுகின்றன. பனியின் எடை நீங்கியதால் அடியில் உள்ள பாறைகளின் மீதான அமுக்கம் குறைந்து, அவை எளிதில் உருகியதே இதற்குக் காரணமாகக் கருதப்படுகிறது. தற்போது பனியாறுகள் சுருங்கி வருவதால் இதே போன்ற விளைவு மீண்டும் ஏற்படுமா என்பது ஆராயப்பட்டு வருகிறது.

பனி குறைவதால் வெள்ளத்துக்கான நீரின் அளவும் காலப்போக்கில் குறையும். ஆனால் இடர் உடனே நீங்கிவிடாது. ரூயிஸ் மலையின் பனிப்பரப்பு 1985 க்குப் பின் மிகவும் சுருங்கியுள்ளது. எனினும், அந்த ஆண்டில் 20,000 க்கும் மேற்பட்டோரைப் பறித்த சேறு உருவாக, அன்றிருந்த பனியில் பத்தில் ஒரு பங்கு மட்டுமே தேவைப்பட்டது என்பதை எரிமலையியலாளர்கள் நினைவில் கொள்கின்றனர்.